மதீனா பீவியின் தனி வீடு

மதீனா பீவி இங்கிலாந்துக்குப் போனதில்லை. ரங்கூனைத் தாண்டி அவள் போன அதிகபட்ச தூரம் மோல்மேன். அதுவும் ஒரு கல்யாணத்துக்கு, அதிலும் பாதி வழி பஸ்ஸில் வாந்தி. ஆனால் இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் சில நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டின ஒரு குடியானவன் வீட்டுக்குக் கூரை ஏன் அத்தனை செங்குத்து, சுவர் ஏன் அத்தனை தடிமன், வாசல் ஏன் அத்தனை குட்டை என்று கேட்டால், ரங்கூன் நகரத்துப் பபேடானின் தெருக்கள் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பதில் சொல்ல அவளை விட்டால் ஆள் கிடையாது. கேட்கத்தான் ஒருவரும் இல்லை. அதனால் அவள் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு காலண்டர். அவள் கணவர் பீர் முகைதீனுக்குப் பபேடானில் கடை. முன்பக்கம் பெயின்ட் டப்பாக்கள், பின்பக்கம் கூரைத் தகரம். மகள் மெஹ்ரீன் பிறப்பதற்கு முன்னால், எங்கோ வெளிநாட்டுப் பெயின்ட் கம்பெனி ஒன்று மாசத்துக்கு ஒரு இங்கிலீஷ் குடிசை போட்ட காலண்டரைக் கடைக்கு அனுப்பியது. மதீனா பீவி அதை ரங்கூனின் தின்கன்ஜூன் பேட்டையில் இருந்த தங்கள் வீட்டில் தையல் மெஷினுக்கு நேராக மாட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பச்சை லோன்ஜிக் கைலியும் வெள்ளைச் சட்டையும் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். தைத்துத் தைத்துக் கண் வலிக்கும்போது நிமிர்ந்து பார்ப்பாள். ஜூன் மாசத்து வீடு. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் வந்து போயிற்று. அந்தச் சுவரில் மட்டும் ஜூன் நகரவில்லை.

அந்த வீட்டில் அவளைப் பிடித்து இழுத்தது அதன் கோணல். ஒரு சுவர் கொஞ்சம் வயிறு தள்ளியிருந்தது. ஜன்னல்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. வைக்கோல் கூரை மாடி ஜன்னலுக்கு மேலே புருவம் போலத் தூக்கி வளைந்து, பக்கங்களில் காதை மூடுகிற குல்லா மாதிரி இறங்கியிருந்தது. இத்தனை கோணல் இருந்தும் அந்த வீடு வெட்கப்படாமல் நின்றது. மதீனா பீவி இருந்ததோ நாலாவது மாடி, கீறல் விழுந்த சிமென்ட் டப்பா, தலைக்கு மேலே தகரம். சித்திரை வெயிலில் அந்தத் தகரம் சுடுகிற சூட்டில் அப்பளம் வாட்டலாம். மழைக்காலத்தில் அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு எங்கே என்று கேட்கக் கத்த வேண்டும். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட மழை விட்ட பிறகுதான் நடக்கும்.

கையில் போன் வந்ததும் அவள் பைத்தியம் முற்றியது. வி.பி.என். போட்டுத் தடையைத் தாண்டி இணையத்துக்குள் நுழைவதை மகள் மெஹ்ரீன் கற்றுக்கொடுத்தாள். தோழிகளோடு பேச உம்மாவுக்கு ஆசை என்று நினைத்துக்கொண்டாள். உம்மாவோ யாரோ தாடிக்கார வெள்ளைக்காரர் கூரைமேல் உட்கார்ந்து நாணல் கட்டுகளை மரத்தட்டியால் தட்டித் தட்டி ஒழுங்குபடுத்துவதை மணிக்கணக்கில் பார்த்தாள். பாதி இங்கிலீஷ் புரியாது. கை செய்வது புரிந்தது. களிமண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்து, படை படையாகச் சுவர் எழுப்புவதைப் பார்த்தாள். பழைய கூரையைப் பிரிக்காமல் அதன் மேலேயே புதுசைப் போட்டுப்போட்டு, அடித்தட்டு வைக்கோல் எந்த ராஜா காலத்ததோ தெரியாமல் கிடப்பதைக் கேட்டு வாய் பிளந்தாள்.

அவளுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருந்தது. இங்கிலீஷ் குடிசை என்று ஒரே மாதிரி ஒன்று கிடையவே கிடையாது. கல் கிடைக்கிற ஊரில் கல் வீடு. கல் இல்லாத ஊரில் மண் வீடு. மரம் கொழிக்கிற ஊரில் மரச்சட்டம் போட்டு நடுவில் சுள்ளி பின்னி மண் பூசிய வீடு. சதுப்பு ஓரம் என்றால் நாணல் கூரை, கோதுமை விளைகிற பக்கம் என்றால் வைக்கோல் கூரை. மாட்டு வண்டி போய் வருகிற தூரத்துக்குள் என்ன கிடைத்ததோ அதுதான் வீடு. ஏழைக்குக் கிடைத்தது வைக்கோலும் மண்ணும். அவன் அதைப் போட்டான். ஓடு மலிந்ததும் பலர் வைக்கோலைத் தூக்கியெறிந்தார்கள். இன்றைக்கு வசதியுள்ளவர்கள் அந்த வைக்கோல் கூரை போடத்தான் ஆள் தேடி அலைகிறார்கள்.

"அப்படின்னா மெஹ்ரீன், ஆத்துக்கு அந்தப் பக்கம் தன்லியின்ல ஒரு இங்கிலீஷ் வீடு கட்டுறதா இருந்தா என்ன போடணும்?" என்று கேட்டாள் ஒருநாள்.

மெஹ்ரீன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "தன்லியின்ல என்ன இருக்கு, தனிதான் இருக்கு" என்றாள்.

ரங்கூனுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இங்கே உப்பங்கழி ஓரமெல்லாம் ஒரு குட்டைப் பனை வளரும். பர்மாக்காரர்கள் அதற்குச் சொல்கிற பெயர் நம் காதுக்குத் 'தனி' என்றே விழும். அதன் ஓலையை மூங்கில் சிம்பில் மடித்துத் தைத்து, வரிசை வரிசையாகக் கூரை போடுவார்கள். தனிக் கூரை என்றால் ஏழை வீடு. இந்தச் சின்னச் சொல்லால் பின்னால் பெரிய கூத்து நடந்தது; அதற்கு வருகிறேன்.

தன்லியினில் மதீனா பீவிக்கென்று ஒரு துண்டு நிலம் இருந்தது. அவள் வாப்பா அங்கே எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். பாகோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் வாங்கிப்போட்ட இடத்தில் பங்கு பிரித்தபோது, ஒரு பலா மரத்தோடு இவள் பங்கு வந்தது. நிலம் அவளுடையது, தைத்துச் சேர்த்ததும் அவளுடையது. ஆகவே கணவரிடம் அவள் அனுமதி கேட்கவில்லை, சேதி சொன்னாள். மண் சுவர், ஓலைக் கூரை, வயசான காலத்தில் நாம் இரண்டு பேரும் அங்கே போய் இருக்கலாம் என்றாள்.

பீர் முகைதீன் நல்ல மனிதர். உயரமானவர், கலகலப்பானவர், கடைக்கு வருகிறவர்களுக்கு முதலில் டீ கொடுத்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்பார். அன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஓலையா?" என்றார்.

"தனி ஓலை. நெருக்கமா, தடிமனா."

"ஊருக்கெல்லாம் தகரம் விக்கிறவன் பெண்டாட்டி தனிக் கூரைக்குக் கீழ படுப்பா. சரி, சுவருக்காச்சும் நம்ம கடை பெயின்ட் உண்டா?"

இங்கேதான் அவள் கொஞ்சம் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை. மண் சுவர் மூச்சு விடணும், பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சா ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் அழுகிப் போகும், சுண்ணாம்புதான் அடிக்கணும் என்று பாடம் நடத்திவிட்டாள். பீர் முகைதீன் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆயுள் முழுக்க அவர் விற்றது இரண்டே சரக்கு. இரண்டும் அவள் வீட்டுக்கு ஆகாது.

"பபேடான்ல என் மானம் போயிடும் மதீனா."

"அடுப்படிக்குத் தகரம் போடுறேங்க. தீப்பொறி பட்டா ஓலை ஆபத்து. அதனால அடுப்படியைத் தள்ளி வச்சு, உங்க கடைத் தகரமே போடுறேன்."

"அடுப்புக்குத் தகரம், ஆளுக்கு ஓலை! ரொம்ப மரியாதை. அந்தக் குடிசைக்குள்ள நான் காலெடுத்து வைக்க மாட்டேன்."

மதீனா பீவிக்கும் வாய் சும்மா இருக்காது. "வாசல் குட்டைங்க. முதல்ல தலையைத்தான் குனியணும், கால் அப்புறம்" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மழை விட்டதும் வேலை தொடங்கியது. கோ லா மின் என்ற தன்லியின் ஆசாரி வந்தார். தனிக் கூரை அவருக்குக் கைவந்த வேலை. ஆனால் இவள் காட்டின படத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். இவ்வளவு செங்குத்தாகப் போட்டால் மேலே குரங்குதான் நிற்க முடியும் என்றார். தண்ணீர் ஊறுவதற்கு முன்னால் ஓடிவிட வேண்டும், அதற்குத்தான் செங்குத்து என்று அவள் விளக்கினாள். அவர் தலையாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் வழக்கமான சாய்வுக்கே மூங்கில் கட்டினார். அவள் அவிழ்க்கச் சொன்னாள். மறுபடி கட்டினார், கொஞ்சம் தூக்கி. மறுபடி அவிழ்க்கச் சொன்னாள். மூன்றாம் தடவை அவரே ஆவலாகிவிட்டார். இதற்கு மேலும் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

அடியில் செம்பாறைக் கல்லில் முழங்கால் உயரத்துக்குக் கட்டு. அதன் மேல் களிமண்ணும் வைக்கோலும் மிதித்த சுவர். கூரை விளிம்பு நன்றாக வெளியே நீண்டு, மழைநீர் சுவரைத் தொடாமல் தூரப் போய் விழும்படி. ஆக மேலேயும் நனையாது, கீழேயும் ஊறாது. மண் சுவருக்கு அவ்வளவு போதும். கட்டி முடித்தபோது சுவர் கொஞ்சம் வயிறு தள்ளியிருந்தது. கோ லா மின் சங்கடப்பட்டு இடித்துக் கட்டுகிறேன் என்றார். "கையை வச்சீங்கன்னா தெரியும்" என்றாள் அவள்.

புகைபோக்கி விஷயத்தில் அவளுக்கே குழப்பம். புகைபோக்கி இல்லாமல் இங்கிலீஷ் வீடா? ஆனால் தன்லியினில் யார் குளிர் காயப் போகிறார்கள்? அக்கம்பக்கத்தில் செங்கல் சூளை என்று நினைத்துவிட்டால்? பிறகு எங்கோ கேட்டாள்: அந்த ஊரிலேயே ஆரம்பத்தில் புகைபோக்கி கிடையாதாம், வீட்டுக்கு நடுவில் நெருப்பு, புகை வைக்கோல் வழியாகக் கசிந்து போகுமாம். அப்பாடா என்று புகைபோக்கியைத் தள்ளினாள். ஜன்னல் புருவத்தைத் தள்ள மனசு வரவில்லை; மாடி இல்லாவிட்டாலும் கூரையில் இரண்டு ஜன்னல் வைத்தாள். தனி ஓலை வைக்கோல் மாதிரி வளைந்து கொடுக்காது. கோ லா மின் படாத பாடுபட்டு வளைத்ததில் இரண்டு ஜன்னலில் ஒரு புருவம் மேலேயும் ஒரு புருவம் கீழேயும் நின்றது. வருகிற போகிறவரை எல்லாம் "என்ன விஷயம்?" என்று அந்த வீடு விசாரிக்கிற மாதிரி இருக்கும். மதீனா பீவிக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பும் பெருமையும் பொங்கும்.

நோன்பு மாசத்தைக் குடும்பத்தோடு தின்கன்ஜூனில் முடித்துவிட்டு, பெருநாள் கழிந்ததும் அவள் தன்லியினுக்கு வந்தாள். இரண்டு நாள் இருந்து, தரை மெழுகி, சுண்ணாம்பு காய்ந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். அப்போது வெயில் உச்சத்துக்கு வந்தது. ரங்கூனில் பகலெல்லாம் மின்சாரம் இல்லை. வந்தாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். சிமென்ட் மாடியில் ஜனங்கள் வெந்துகொண்டிருந்தபோது, இவள் விசிறி கூட இல்லாமல் மண் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சட்டைக்குப் பட்டன் தைத்தாள். சுவர் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. இந்த வீட்டைக் கட்டின தன் கையைத் தானே முத்தமிடலாம் போலிருந்தது அவளுக்கு. இரண்டு நாள் நாலாயிற்று, வாரமாயிற்று, அதற்கப்புறம் அவள் திரும்பவே இல்லை.

குறை ஒன்றே ஒன்று. அது பெரிய குறை. அவர் இல்லை.

பீர் முகைதீன் வராமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் பாலம் தாண்டி வருவார். மீன், காய்கறி, அவளுக்குப் பிடித்த பலூடா எல்லாம் வாங்கி வருவார். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவராயிற்றே! பிளாஸ்டிக் நாற்காலியைப் பலா மரத்து நிழலில், கீழ் ஜன்னலுக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியிலேயே உட்காருவார். அந்த ஜன்னல் திண்டு இங்கிலீஷ் வீடுகளில் இருப்பது மாதிரி அகலம். இரண்டு பேர் காலை மடக்கி உட்காரலாம் என்றுதான் அவள் அப்படி வைத்தாள். இப்போது உள்பக்கம் அவள், வெளிப்பக்கம் அவர், நடுவில் திண்டின்மேல் டீத் தட்டு. பேச்சுக்குக் குறைவில்லை. கடை, மகள், மழை எப்போது வரும். அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் எழுந்து, "வர்றேன் மதீனா" என்று பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

போகும்போது அவர் முதுகைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது. தலைமுறை தலைமுறையாக நிற்கிற வீடாகக் கட்டியும், யாரோடு இருக்க ஆசைப்பட்டுக் கட்டினாளோ அவர் இல்லாவிட்டால் அது வெறும் அழகான மண்தான். இனிமேல் உள்ளே வரவே மாட்டாரோ என்று பயந்தாள். உள்ளே வாருங்கள் என்று இவள் கூப்பிடவில்லை, கூப்பிட்டு மறுத்துவிட்டால்? கூப்பிடட்டும் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ, அதுவும் தெரியவில்லை. ஒரு சுவர்த் தடிமன்தான் தூரம். இரண்டு பேரும் அதைத் தாண்டவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மெஹ்ரீன் பபேடானில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். பர்மியத்தில் அவள் பேச ஆரம்பித்தால் யாரும் குறுக்கே புக முடியாது. தமிழ் என்றால் தந்தி அடிக்கிற மாதிரி வார்த்தையைச் சிக்கனம் பண்ணுவாள். துணிக்கடை அய்யூப் ஹாஜியாரின் மனைவி ஷிரின் அவளைப் பிடித்துக்கொண்டு, உம்மா எங்கே, ஆளையே காணோமே என்று கேட்டாள்.

"உம்மா தனி வீட்டுல இருக்காங்க. வாப்பா உள்ள போக மாட்டேங்கிறார்" என்றாள் மெஹ்ரீன். சொல்லிவிட்டுப் பிரியாணிக்குப் போய்விட்டாள்.

ஷிரின் பிரியாணியைத் தொடவில்லை. இவள் தனி என்றது ஓலையை. அவள் கேட்டது தமிழை. பபேடானில் மூன்று தலைமுறையாக மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஓலை எங்கே ஞாபகம் இருக்கும்? அன்றைக்கே அது கண் காது மூக்கு வைத்துத் தெரு முழுக்க நடந்தது. மதீனா லாத்தா புருஷனை விட்டுப் பிரிந்து தனிக்குடித்தனம் போய்விட்டார். வயசான காலத்தில்! அவர் போய்க் கூப்பிட்டும் உள்ளே விடுவதில்லையாம்!

அய்யூப் ஹாஜியார் ஜமாஅத்தில் பெரியவர். பிரிந்த குடும்பம் எங்கே இருந்தாலும் போய்ச் சேர்த்து வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷிரினையும் கூட்டிக்கொண்டு டாக்ஸி பிடித்துத் தன்லியினுக்கு வந்து இறங்கினார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது, அந்த வருஷத்து முதல் மழைக்கு.

இறங்கினவர் கண்ணில் பட்டது என்ன? புருஷன் வெளியே, மரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலியில். பெண்டாட்டி உள்ளே. ஜன்னல் வழியாக ஒரு கை டீ நீட்டுகிறது. இதைவிடச் சாட்சி வேறு என்ன வேண்டும்! ஹாஜியார் பீர் முகைதீனின் தோளைத் தட்டி, "பொறுமையா இருங்க மச்சான்" என்றார். என்னத்துக்குப் பொறுமை என்று அவருக்குப் புரியவில்லை; மரியாதைக்கு எழுந்து நின்றார். ஷிரினோ உள்ளே ஓடி மதீனா பீவியைக் கட்டிக்கொண்டாள். ஹாஜியாரும் பின்னாலேயே போனார். அவர் குட்டையான மனிதர். வாசல் அவரை ஒன்றும் செய்யவில்லை.

"லாத்தா, தனிக்கு வந்துட்டீங்களே! ஏன் லாத்தா?" என்று ஷிரின் விம்மினாள்.

அட, ஓலைக்காகவா இப்படி அழுகிறாள் என்று மதீனா பீவி திகைத்தாள். தகரக் கடைக்காரர் வீட்டில் ஓலை போட்டது இத்தனை பெரிய விஷயமா? சரி, நியாயத்தைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தாள்.

"தனிதான் ஷிரின் நல்லது. என்ன சுகம் தெரியுமா! சூடு இல்ல, சத்தம் இல்ல. இத்தனை வருஷத்துல இப்பதான் நான் நிம்மதியா தூங்குறேன்."

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, சூடும் சத்தமும் எல்லா வீட்டிலயும் உண்டு. கொஞ்சம் அனுசரிச்சுப் போகக்கூடாதா?"

"எவ்வளவு காலம் ஹாஜியார் அனுசரிக்கிறது? இது அப்படியா? மூணு வருஷம், நாலு வருஷம் வரும். நைஞ்சு போனா எடுத்துப் போட்டுட்டு வேற மாத்திக்கலாம்."

"மாத்துறதா!" என்று ஷிரின் கட்டிப்பிடித்த கையை விட்டுவிட்டாள்.

"பின்ன? இங்க எல்லாரும் மாத்துறாங்க. கோ லா மின் கிட்ட இப்பவே சொல்லி வச்சிருக்கேன்."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்றார் ஹாஜியார். அவருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, உட்கார்ந்தார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு சத்தம். பீர் முகைதீன் திண்டில் டீயைக் கொட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கூரை வியாபாரி அல்லவா, அவருக்குத்தான் முதலில் விளங்கிற்று. "ஹாஜியார், அவ சொல்றது ஓலையை! மேல பாருங்க, தனி ஓலை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கூவினார். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு மதீனா பீவி தான் சொன்னதையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். கோ லா மின் வரைக்கும் வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மழை இறங்கியது. சிரித்த வாயோடு நின்ற பீர் முகைதீன் கூரை விளிம்புக்குக் கீழே ஒதுங்கினார். மழைக் குழாய் இல்லாத கூரை. விளிம்பிலிருந்து தண்ணீர் திரை மாதிரி விழுந்து தெறித்து அவர் கைலியை நனைத்தது. மதீனா பீவி முந்தானையை எடுத்தாள். இத்தனை வாரமாக வாயில் வராத வார்த்தை யோசிக்காமல் வந்தது.

"உள்ள வாங்க. நனையுறீங்க."

அவர் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. விறுவிறுவென்று வாசலுக்கு வந்து, நேராக நெற்றியை நிலைமரத்தில் இடித்துக்கொண்டார். 'யா அல்லாஹ்' என்று அவர் தலையைப் பிடித்தபடி உள்ளே வர, அவள் முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி நெற்றியில் ஒற்றினாள். ஷிரின் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அப்புறம் எல்லோருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. வெளியே பேய் மழை. உள்ளே ஓலைக்கு அந்தப் பக்கம் யாரோ அரிசி புடைக்கிற அளவுக்குத்தான் சத்தம். பீர் முகைதீன் கூரையை மேலிருந்து கீழாக, வியாபாரக் கண்ணால் வரிசை வரிசையாகப் பார்த்தார். ஒழுகுகிற இடம் தேடுகிறார் என்று மதீனா பீவிக்குத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். முதல் மழை. அவளும் இன்றுதான் பார்க்கிறாள். ஒரு சொட்டு இல்லை.

சேர்த்து வைக்க வந்தவர் சும்மா திரும்புவாரா? ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "ஓலை விஷயம் விளங்கிடுச்சு. நல்லது. ஆனா மச்சான், நீங்க எதுக்கு வெளிய உக்காந்திருந்தீங்க?"

தின்கன்ஜூன் தகரத்துக்குக் கீழே இருந்திருந்தால் மழைச் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்திருக்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. கேள்வி எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது.

பீர் முகைதீன் மென்று விழுங்கினார். "கூரைதான் தனி ஹாஜியார். நாங்க தனி இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப உங்க தலகாணி எங்க இருக்கு?"

மதீனா பீவி தரையைப் பார்த்தாள். தலையணை தின்கன்ஜூனில் இருக்கிறது என்பது ஹாஜியாருக்கும் தெரியும். பீர் முகைதீன் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டார். சுவரை ஒருமுறை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். பெயின்ட் கடைக்காரர் கை, சுண்ணாம்பின்மேல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"மெஹ்ரீன், வாப்பா பேசுறேன். மழை விட்டதும் டாக்ஸி பிடிச்சு இங்க வா. என் தலகாணியை எடுத்துக்க. பிரஷர் மாத்திரையும் எடுத்துக்க."

அந்த வீட்டுக்குள் போனில் மறுபக்கம் பேசுவதுகூட நன்றாகக் கேட்டது. "எத்தனை நாளைக்கு மாத்திரை எடுத்து வைக்க வாப்பா?" என்றாள் மெஹ்ரீன்.

பீர் முகைதீன் மனைவியைப் பார்த்தார். மதீனா பீவி அழுதுகொண்டிருந்தாள், மறைக்கவும் இல்லை.

"டப்பாவோட எடுத்துட்டு வா" என்றார் அவர்.